கை முந்தும், ஓசை பிந்தும்

கருவியொன்று செவ்வனே இயங்கும்வரை அதன் உள்ளமைப்பை எவரும் எண்ணிப்பார்ப்பதில்லை. அது பழுதுறும்போதே, அதனுள் எத்தனை உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன என்பது புலனாகின்றது. கணினித் திரையிலே ஒரு படம் அசைவதும் அதற்கியைய ஒலி கேட்பதும் ஒரே நிகழ்ச்சியெனத் தோன்றினும், உண்மையில் அவை இரண்டும் தனித்தனி வழிகளிற் பயணஞ்செய்து இறுதிக் கணத்திலே சந்திப்பவை. அச்சந்திப்புத் தவறிப்போன ஒரு மாசி மாதத்தில், பதுளை மாவட்டத் தோட்டமொன்றைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவி ஒருத்தி பெற்ற அனுபவம் ஈண்டு எடுத்துரைக்கத்தக்கது.

பதுளையிலிருந்து பசறை செல்லும் பாதைக்கு மேலே, நமுனுகுல மலையைக் கண்ணெதிரே கொண்ட தோட்டம் அது. அங்கே மேட்டு லயம், பள்ளத்து லயம் என இரு வரிசைகள். இரண்டுக்கும் இடையே சரிவு. சரிவின் அடியிலே மாரியம்மன் கோயிலும் அதன்முன் ஒரு திடலும். மாசி அமாவாசை கழிந்ததும் அத்திடலிலேதான் காமன் கம்பம் ஊன்றப்படும். ரதியும் மன்மதனும் லயந்தோறும் ஆடிவருவர். இறுதி இரவிலே சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிக்கப்படும்போது தோட்டமே திரண்டு நிற்கும். கூத்தின் கட்டத்துக்கேற்பத் தப்பின் அடி மாறும். தகனத்துக்குரிய அடியைப் பிழையின்றி அறிந்திருந்தவர் அம்மாணவியின் தாத்தா ஒருவரே. அவர் காலமான பின்னர் கூத்தும் நின்றுபோயிற்று. தப்பைத் தொடுவது தாழ்வு என்ற பழைய எண்ணமும், இளைஞர்கள் கொழும்புக்கு வேலைதேடிச் சென்றமையும் அதற்குத் துணைநின்ற காரணங்களாகும்.

சில ஆண்டுகள் கழிந்தபின் தோட்டத்து இளைஞர் சிலர் கூத்தை மீண்டும் ஆட விரும்பினர். பாட்டு ஒருவரிடம் ஏட்டுவடிவில் இருந்தது. வேடங்கட்டவும் ஆட்கள் இருந்தனர். தகனத்து அடிதான் இல்லை. மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்த சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்றோரின் உழைப்பினாற் சொற்கள் பல அச்சிலே பிழைத்துக்கொண்டன. ஆயின் சொல்லைக் காக்கும் ஏடு அடியைக் காப்பதில்லை. அப்போதுதான் மாணவிக்கு, 2009ஆம் ஆண்டுக் கூத்தைக் கலியாண வீடியோ எடுக்கும் ஒருவர் படம்பிடித்து இறுவட்டாகக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அது பாட்டியின் தகரப் பெட்டியில், பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரு துணியிலே சுற்றப்பட்டிருந்தது.

அவளிடமிருந்த மடிகணினி பதுளை நகரில் இரண்டாங்கையாக வாங்கப்பட்டது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே ரூபாயின் பெறுமதி சரிந்து கணினிகளின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறியபின், புதிய கணினியைப் பற்றித் தோட்டக் குடும்பம் எதுவும் எண்ணக்கூட முடியவில்லை. நாட்சம்பளம் 1,000 ரூபாயை எட்டுவதற்கே 2021ஆம் ஆண்டுவரை காத்திருந்த மக்கள் அவர்கள். ஆகவே விலைகொடுத்து உரிமம் பெறவேண்டிய முறைமைக்குப் பதிலாக, பீடத்திலே மூத்த மாணவர் ஒருவர் உபுண்டு என்னும் கட்டற்ற பணிசெயல் முறைமையை நிறுவிக் கொடுத்திருந்தார். 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருவே அதன் அடித்தளம்; 2004ஆம் ஆண்டு ஒக்டோபரிலே உபுண்டுவின் முதற்பதிப்பு வெளிவந்தது. எவரும் அதனைப் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம்.

முதற்றடை இறுவட்டிலேயே இருந்தது. கீறல்கள் நிறைந்த அதனை வாசிக்க முயன்ற கணினி இரைந்து இரைந்து அடங்கிப்போயிற்று. அதனைச் சவர்க்கார நீரிலே கழுவி, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மெல்லத் துடைத்தாள். வட்டமாகத் துடைத்தால் ஏற்படும் புதுக்கீறல் தடத்தின் வழியே நீண்டு செல்லும். குறுக்கே துடைத்தால் ஏற்படும் கீறல் தடத்தை ஓரிடத்தில் மட்டுமே வெட்டும். அதன்பின் டிடிரெஸ்க்யூ என்னும் மென்பொருளைக்கொண்டு வட்டு முழுவதையும் கணினிக்குள் நகலெடுத்தாள். அம்மென்பொருள் முதலில் இலகுவாகக் கிடைக்கும் பகுதிகளைத் திரட்டிக்கொண்டு, பழுதான பகுதிகளைப் பின்னர் மீண்டும் மீண்டும் முயலும். எதுவரை முடித்தது என்பதைக் குறித்துவைப்பதால், மின்சாரம் தடைப்பட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஓர் இரவு முழுவதும் அது ஓடியது. விடியும்போது சிற்சில துணுக்குகள் நீங்கலாக யாவும் கிடைத்திருந்தன.

ஆயினும் படம் ஓடவில்லை. தேவையான குறிவிலக்கி இல்லை என்ற அறிவிப்பே திரையில் தோன்றியது. ஒளியும் ஒலியும் அப்படியே சேமிக்கப்பட்டால் வட்டு கொள்ளாது. எனவே அவை சுருக்கிக் குறியாக்கப்படுகின்றன. அவ்வகை வட்டுகளிலே படம் எம்பெக்–2 என்னும் முறையிற் சுருக்கப்பட்டிருக்கும். இத்தகைய முறைகள் பல, நீண்ட காலம் ஆக்கவுரிமைகளுக்கு உட்பட்டிருந்தன. எம்.பி.3 உரிம ஏற்பாடு 2017ஆம் ஆண்டிலும், எம்பெக்–2 தொடர்பான இறுதி அமெரிக்க ஆக்கவுரிமை 2018ஆம் ஆண்டிலும் முடிவுற்றன எனினும், புதிய முறைகள் சில இன்னும் அப்பிடிக்குள்ளேயே உள்ளன. ஆகையால் உபுண்டு இக்குறிவிலக்கிகளைத் தன் அடிப்படை நிறுவலிற் சேர்க்காது, விரும்புவோர் தாமே சேர்த்துக்கொள்ளும் தனிப்பொதியாக வைத்திருக்கின்றது. நிறுவும்போது ஒரு கட்டத்திலே அடையாளமிட்டால் அவை தாமாக வந்துசேரும்; மூத்த மாணவர் டேட்டாவைச் சிக்கனப்படுத்துவதற்காக அதனை விட்டுவிட்டார். இலங்கையிலே ஹந்தானை மலையின் பெயர்தாங்கி வெளிவந்த ஹந்தானை லினக்ஸ், இக்குறையை உணர்ந்தே குறிவிலக்கிகளைத் தன்னுள் முன்கூட்டியே கொண்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

லயத்திலே இணையச் சமிக்ஞை கிடைக்காது. கோயிலுக்கு மேலேயுள்ள வளைவிலே நின்றால் இரண்டு கோடுகள் காட்டும். அவ்வளைவின் கல்லிலே கணினியை வைத்து, தம்பி கையடக்கத் தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருக்க, பொதியையும் வி.எல்.சி. இயக்கியையும் அவள் இறக்கிக்கொண்டாள். வி.எல்.சி.யும் மாணவர் ஆக்கமே. 1996ஆம் ஆண்டிலே எக்கோல் சென்ட்ரால் பாரிஸ் மாணவர்கள் தம் விடுதி வலையமைப்பினூடாகத் தொலைக்காட்சி பார்ப்பதற்காகத் தொடங்கிய முயற்சி, 2001ஆம் ஆண்டிலே கட்டற்ற உரிமத்தோடு உலகுக்கு வழங்கப்பட்டது.

அன்றிரவு படம் வந்தது. தீப்பந்த வெளிச்சத்திலே தாத்தா தப்பைத் தோளிலே மாட்டிக்கொண்டு நின்றார். பாட்டி வாய்மேற் கைவைத்துக்கொண்டாள். ஆனால் ஒலி இல்லை. குச்சிகள் விழுந்தன, எழுந்தன, எங்கும் மௌனம்.

பழுதறிதலின் முதல் விதி, ஒரு வேளையில் ஒரு வினாவையே கேட்டல் என்பதாகும். ஊமையாயிருப்பது வட்டா, கணினியா? வேறொரு பாட்டை ஓட்டிப் பார்த்தாள், அதுவும் ஒலிக்கவில்லை. எனவே குற்றம் வட்டினுடையதன்று. ஒலி அமைப்புகளைத் திறந்தபோது விடை கிடைத்தது. முந்திய மாதம் பீடத்து மண்டபத்திலே ஒளியெறிகருவியோடு கணினியை இணைத்தபோது, ஒலி வெளியேறும் வழி எச்.டி.எம்.ஐ. என மாறியிருந்தது, மாறிய தெரிவு அப்படியே நிலைத்துவிட்டது. கணினி ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. இல்லாத செவியொன்றை நோக்கி ஒலித்துக்கொண்டிருந்தது. வெளியேறும் வழியைக் கணினியின் சொந்த ஒலிபெருக்கிக்கு மாற்றியதும் தப்பு அதிர்ந்தது.

அடுத்த லயத்தார் வாசலிலே கூடினர். சத்தம் போதாதென்று தம்பி ஒரு புளூடூத் ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து இணைத்தான். அடி பழக வந்த இளைஞர் இருவர் முன்னே அமர்ந்து, மடியிலே விரல்களால் தட்டிப் பார்த்தனர். சிறிது நேரத்துக்குள் அவர்கள் குழம்பிப்போயினர். குச்சி தோலைத் தொடும் கணத்தில் ஓசை இல்லை; குச்சி மேலெழுந்த பின்னரே ஓசை பிறந்தது. எந்தக் கை எந்த அடியை அடிக்கின்றது என்று பிரித்தறிய முடியவில்லை. அடியைப் பிழையாகப் பழகுவதிலும் பழகாமல் விடுவது மேல் என்று ஒருவன் சொன்னான். அச்சொல் மாணவியைச் சுட்டது.

மீண்டும் வினாக்கள். கம்பியில்லா ஒலிபெருக்கிகள் ஒலியைப் பெற்று விரித்து ஒலிப்பதற்குச் சிறிது காலம் எடுக்கும் என்பதை அவள் அறிவாள். அதனைக் கழற்றிக் கம்பிவழி இணைத்தாள். பிந்துதல் சற்றுக் குறைந்தது, மறையவில்லை. வேறு படங்களை ஓட்டினாள். அவற்றிலே உதடும் சொல்லும் ஒத்திருந்தன. நகலெடுத்தபோது தவறியதோ என ஐயுற்று, மூல வட்டின் வாசிக்கத்தக்க பகுதியை நேரடியாக ஓட்டினாள். அங்கும் அதே பிந்துதல். கணினியும் நகலும் குற்றமற்றவை என்றாயிற்று. வி.எல்.சி.யிலே ஒலியைப் படத்துக்கு முன்னும் பின்னும் நகர்த்தும் விசைகள் உண்டு. ஒவ்வோர் அழுத்தமும் 50 மில்லிசெக்கன். ஏழு முறை அழுத்தியதும் குச்சியும் ஓசையும் ஒன்றாயின. இளைஞர்கள் ஆரவாரித்தனர்.

ஆயின் தகனம் முடிந்ததும் வீடியோக்காரர் காட்சியை விரித்திருந்தார். திடல் சிறுத்து, சட்டத்தின் கீழ்ப்புறத்தில், கமராவுக்கு மிக அண்மையில், மேட்டு லயத்துக் கட்டிலே அமர்ந்து கைதட்டும் சிறுவர் தெரிந்தனர். இப்போது அவர்களின் கைகள் சேருமுன்னரே தட்டும் ஓசை கேட்டது! திருத்தத்தை நீக்கியபோது கைதட்டல் சரியாயிற்று, தப்புப் பிந்தியது. ஒரே தடத்திலே ஒன்று சரியானால் மற்றது பிழையாகின்றது. அப்படியாயின் பிழை எங்கே?

அதுவரை பேசாதிருந்த பாட்டி, “மேட்டு லயத்துல நின்னு பாத்தா அப்புடித்தான் தாயி. கை முந்தும், சத்தம் பிந்தும்” என்றாள்.

மறுநாட் காலை மாணவியும் தம்பியும் மேட்டு லயத்துக் கோடியிலிருந்து திடலை நோக்கினர். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். 350 மில்லிசெக்கன் பிந்தியதாயின் இடைத்தூரம் ஏறத்தாழ 120 மீற்றர். கண்மதிப்பிலே அத்தூரமே இருந்தது. வீடியோக்காரர் கூட்டத்துக்கு அஞ்சி மேட்டிலே முக்காலியை நிறுத்தி, வில்லையினாற் காட்சியை அருகே இழுத்திருக்கின்றார். வில்லை கண்ணை அருகே கொண்டுசெல்லும், காதைக் கொண்டுசெல்வதில்லை. குற்றமெனத் தேடப்பட்டது குற்றமன்று. அது இடையிலிருந்த சரிவு. பாட்டி வாழ்நாள் முழுவதும் அந்த மேட்டு லயத்து வாசலிலிருந்தே கூத்தைப் பார்த்தவள். அவளுடைய நினைவிலுள்ள தாத்தாவின் அடி எப்போதும் சற்றுப் பிந்தியே ஒலித்தது.

மாணவி இரு நகல்களை ஆக்கினாள். ஒன்றிலே ஒலித்தடம் 350 மில்லிசெக்கன் முன்னகர்த்தப்பட்டது. அது அடி பழகுவோருக்கு. மற்றொன்றிலே எதுவும் தொடப்படவில்லை. அது பாட்டிக்கும் பிற்காலத்துக்கும். திருத்தியதன் பெயரோடு, எவ்வளவு திருத்தப்பட்டது என்பதையும் எழுதிவைத்தாள்.

ஒரு காலத்திலே தோட்டங்களில் விடியற்காலைத் தப்பொலி தொழிலாளரைப் பிரட்டுக்கு எழுப்பும் கட்டளையாக இருந்தது. மாசி மாதத்திலே அதே தப்பு அவர்தம் சொந்தக் கூத்துக்கு ஒலித்தது. 2023ஆம் ஆண்டோடு மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்தன. கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் தேயிலைப் பெட்டிகளின்மேல் உலகெங்கும் சென்றிருக்கின்றது. அம்மக்களின் குரலோ இன்னும் சரிவைக் கடந்து வந்துகொண்டிருக்கின்றது. படத்தை அண்மையிற் கண்டோர், குரலும் அண்மையிற் கேட்டுவிட்டதாகக் கருதுதல் ஆகாது.

அவ்வாண்டு மாசியிலே கம்பம் மீண்டும் ஊன்றப்பட்டது. தகன இரவிலே இளைஞர் இருவர் தப்பைத் தீயிலே காய்ச்சி எடுத்து அடிக்கத் தொடங்கினர். பாட்டி திடலுக்கு வர மறுத்து, வழமைபோல் மேட்டு லயத்து வாசலிலேயே அமர்ந்திருந்தாள். சிறிது நேரங் கேட்டபின், “சரியாத்தான் பிந்துது” என்றாள்.