எங்கிட்ட யாரும் கேக்கல்லியே

நாகர்கோவிலில் உர மொத்த விற்பனை அலுவலகம் ஒன்றில் சில ஆண்டுகள் ஐந்து பேர் ஒன்றாக வேலை பார்த்தோம். மூத்தவர் கிட்டங்கிக் கணக்கைக் கவனித்தவர். மற்ற நால்வருக்கும் அவர் அண்ணாச்சி. புதிதாக வந்த மேலாளரின் கணக்கில் இருந்த பிழையொன்றை அவர் எல்லோர் முன்னிலையிலும் சுட்டிக்காட்டினார். மேலாளர் கோபப்படவில்லை, நன்றிகூடச் சொன்னார். மறுவாரத்திலிருந்து அண்ணாச்சிக்குக் கூட்டங்களுக்கு அழைப்பு வரவில்லை.

அவருடன் பேசக்கூடாது என்று எங்களுக்கு எவரும் உத்தரவிடவில்லை. ஆயினும் 11 மணித் தேநீருக்கு இறங்கும்போது, அவருடைய மேசையைக் கடக்கையில் எங்கள் நடை வேகம் கொண்டது.

அண்ணாச்சி முதலில் இருமடங்கு உழைத்தார். எங்களுக்கு முன்னரே வந்து பழைய பேரேடுகளைச் சரிபார்த்தார். இரண்டு மாதங்களில் அது அடங்கிற்று. பிறகு சொன்னதை மட்டும் செய்தார். பிழையின்றிச் செய்தார், அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

கிட்டங்கியின் கீழ்மூலை ஒழுகும். ஆண்டுதோறும் இடவப்பாதி மழைக்கு முன்பாக அங்குள்ள மூட்டைகளை அவர்தாம் இடம் மாற்றச் சொல்வார். அவ்வாண்டு சொல்லவில்லை. கன்னிப்பூப் பயிருக்கென இறக்கிய யூரியாவில் 40 மூட்டைகள் நனைந்து வீணாயின. ஏன் சொல்லவில்லை என்று மேலாளர் கேட்டார். "எங்கிட்ட யாரும் கேக்கல்லியே சார்" என்றார் அண்ணாச்சி. அக்குரலில் வன்மம் இருந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, உளவியலாளர் கிப்ளிங் வில்லியம்ஸும் அவருடைய சகாக்களும் 2000இல் வெளியிட்ட சோதனையைப் பற்றிப் படித்தோம். கணினித் திரையில் மூவர் பந்தெறிந்து ஆடுவர். சற்று நேரத்தில் ஒருவருக்கு மட்டும் பந்து வராமல் போகும். முகமறியாதவர்களுடன் சில நிமிட ஆட்டம்தான். விலக்கப்பட்டவர்கள் மனம் நொந்தனர். உடன் ஆடுவது கணினியே என்று முன்கூட்டிச் சொல்லி நடத்திய 2004ஆம் ஆண்டுச் சோதனையிலும் அதே நோவு. 2014இல் வெளிவந்த கனடிய ஆய்வொன்று வேலையிடங்களை நோக்கியது. ஒருவரை வதைப்பதைவிட ஒதுக்கி வைப்பது சிறிய தீங்கு என்றே பலரும் கருதினர். ஆனால் வேலையை விட்டுச் செல்வது ஒதுக்கப்பட்டவர்களிடம்தான் கூடுதலாக இருந்தது.

அண்ணாச்சியும் மறு ஆண்டு விலகினார்.

பழைய ஊர்விலக்கு கொடுமைதான்; ஐயமில்லை. ஆனால் அதற்கொரு கூட்டம் உண்டு, குற்றச்சாட்டு உண்டு, தெண்டம் கட்டித் திரும்பிவர வழியும் பெரும்பாலும் உண்டு. எங்கள் அலுவலகத்தில் எதுவும் அறிவிக்கப்படவில்லை. எனவே அவர் எதற்காக மன்னிப்புக் கேட்பது, யாரிடம் முறையிடுவது? அவர் போன பின்பும் மேலாளரின் கணக்கில் பிழைகள் கண்ணில் பட்டன. நாங்கள் வாய் திறக்கவில்லை.

மேலாளரைக் குறை சொல்லி இதை முடிப்பது எளிது. ஆனால் தேநீருக்கு இறங்கும்போது "வாங்க அண்ணாச்சி" என்று அழைக்க எங்களுக்கு எவருடைய அனுமதியும் தேவைப்பட்டிருக்கவில்லை.