எந்தப் படியால் அளப்பது?

கதை எழுதுகிறவனிடம் ஜனங்கள் யோசனை கேட்பது ஒரு விசித்திரமான வழக்கம். ஜாதகம் பொருந்துகிறதா என்பதிலிருந்து கிணறு வெட்ட எந்த மூலை தோது என்பது வரை என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அச்சில் பெயர் வந்துவிட்டால் அகிலமும் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. நான் கல்லூரியில் இரண்டு வருஷம் பெஞ்சைத் தேய்த்துவிட்டு, மேலே படிக்க வழியில்லாமல் வெளியே வந்தவன் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் பொருட்படுத்துவதில்லை.

என் தங்கைக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் கேட்டாள்.

"அண்ணே, பயலை ஆறாம் வகுப்புக்கு டவுன்ல கிறிஸ்துவப் பள்ளிக்கூடத்துல சேக்கணும்னு இவுக ஒத்தைக்கால்ல நிக்காக. நீயும் அப்படி ஒண்ணுலதானே படிச்சே? எது நல்லதுன்னு நீ பாத்துச் சொல்லு."

நாங்கள் கிறிஸ்துவர்கள் அல்லர். ஆனால் திருநெல்வேலிச் சீமையில் பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டுமென்றால், பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டு மாதா கோயில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது தலைமுறை தலைமுறையாக வருகிற பழக்கம். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. ரேனியஸ் பாதிரியார் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820-இல். மதத்தைப் பரப்ப வந்தவர்தாம்; ஆனால் போகிற இடமெல்லாம் பள்ளிக்கூடம் வைத்தார், தமிழுக்கு ஓர் இலக்கண நூலும் எழுதினார். பின்னால் அதே பாளையங்கோட்டையில் கண் தெரியாத பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் நடத்தியவர்கள் மிஷனைச் சேர்ந்த பெண்மணிகள். அப்படிப்பட்ட குழந்தைக்குப் படிப்பு எதற்கு என்று பெற்றவர்களே விட்டுவிட்டிருந்த காலம் அது. அந்தப் புண்ணியத்தின் வட்டியில்தான் இன்றைக்கும் எத்தனையோ பள்ளிக்கூடங்களின் பெயர்ப் பலகை மினுங்குகிறது.

வட்டி வேறு, முதல் வேறு. முதல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் நானும் மாப்பிள்ளையும் பையனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினோம்.

முதலில் போன இடம் ஊரிலே பெயர் பெற்றது. பெயர் இங்கே வேண்டாம். வாசலில் குரோட்டன்ஸ் செடிகள், வராந்தாவில் முகம் தெரிகிற தரை, கண்ணாடி பீரோவில் கோப்பைகள். பத்து மணிக்கு மணி அடித்ததும் ஆயிரம் பிள்ளைகள் சத்தமில்லாமல் நகர்ந்ததைப் பார்த்து மாப்பிள்ளை அசந்துபோனார். "பாத்தேளா, சப்பாத்தெல்லாம் எப்படிப் பளபளங்குது!" என்றார். சப்பாத்தின் பளபளப்பை வைத்துச் சரித்திரப் பாடத்தை எடைபோடுகிற வழக்கம் அவருக்கு மட்டும் சொந்தமானதல்ல. நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான். சுத்தம் நல்லது, ஒழுங்கு நல்லது, காலையில் இங்கிலீஷில் ஜெபம் சொல்வது கேட்கவும் இனிமையாகத்தான் இருக்கிறது. இவற்றில் எது படிப்பு என்பதுதான் கேள்வி.

கையில் ஒரு வழவழப்பான பிரசுரத்தைக் கொடுத்தார்கள். பத்தாம் வகுப்பில் தொடர்ந்து 100 சதவீதத் தேர்ச்சி என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

பையனை உள்ளே அழைத்து வாசிக்கச் சொன்னார்கள். அவன் மக்கு அல்ல. எங்கள் ஊர் வழியாகப் போகிற பஸ்களின் நேரத்தை ஒன்று விடாமல் சொல்லுவான். எழுத்துத்தான் அவனிடம் விளையாட்டுக் காட்டும். ஒரு வரியைத் தாண்டுவதற்குள் நெற்றியில் வேர்த்துவிடும். அன்றும் வேர்த்தது. சிஸ்டர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். நல்ல மாதிரியான முகம் அவருக்கு. "எடுத்துக்கிறோம். ஆனா இந்தப் பேப்பர்ல மட்டும் ஒரு கையெழுத்து வேணும்" என்றார்.

நான் வாங்கிப் படித்தேன். ஒன்பதாம் வகுப்பு முடிவில் பள்ளி எதிர்பார்க்கும் மதிப்பெண்ணை மாணவன் பெறாவிட்டால், அவனை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்ள எனக்குப் பூரண சம்மதம் என்பது அதன் சாரம்.

மாப்பிள்ளை அதற்குள் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். "நாளைக்கு வாரோம் சிஸ்டர்" என்று சொல்லி அவரை வெளியே இழுத்து வந்தேன். பஸ் ஸ்டாண்டு வரை அவர் என்னுடன் பேசவில்லை.

அவரிடம் நான் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தது 1993-94-இல். அதுவும் கிறிஸ்துவப் பள்ளிக்கூடந்தான். என் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஒரு வாழைக்காய் வியாபாரியின் மகன். தார் என்ன விலை, வண்டிச் சத்தம் எவ்வளவு, அழுகலில் எத்தனை போகும் என்று சொன்னால், வாய் மூடுவதற்குள் லாபக் கணக்கைச் சொல்லிவிடுவான். அல்ஜீப்ராவில் எனக்கு வாத்தியார் அவன்தான். சாயங்காலம் ஆற்று மணலில் குச்சியால் கோடு கிழித்துக் கிழித்து எக்ஸையும் ஒய்யையும் என் மண்டையில் ஏற்றினான். இங்கிலீஷ் மட்டும் அவனுக்கு ஏறவில்லை.

வருஷக் கடைசியில் பதினொரு பிள்ளைகளின் தகப்பனார்களைக் கூப்பிட்டனுப்பினார்கள். யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. மிகவும் பிரியமாகப் பேசி, டி.சி.யில் 'தேர்ச்சி' என்றே எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அந்த ஏற்பாட்டின் நயமே அதுதான். பெயில் என்று போட்டால் சண்டைக்கு வரலாம். பாஸ் போட்டுக் கொடுத்தால் என்ன சொல்லிச் சண்டை போடுவது? பத்தாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு பையனைச் சேர்த்துக்கொள்ள, பஸ் போகிற தூரத்தில் எந்தப் பள்ளிக்கூடமும் தயாராக இல்லை. அவன் வாழைக்காய் மண்டிக்குப் போனான்.

1995-இல் முடிவு வந்தது. எங்கள் பள்ளிக்கூடம் நூற்றுக்கு நூறு. மேளம் வைத்தார்கள், லட்டு கொடுத்தார்கள். என் கணக்கு மார்க் 71. அந்த 71-இல் எத்தனை மார்க் ஆற்று மணலில் கிடைத்தது என்று எனக்குத் தெரியும். லட்டைத் தின்றேன்.

நாலைந்து வருஷத்துக்கு முன் அவனை மண்டியில் பார்த்தேன். சொந்த மண்டி, இரண்டு லாரி, நன்றாகவே இருக்கிறான். டீ வாங்கிக் கொடுத்து ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, எழுந்திருக்கப் போகும்போது கேட்டான்: "ஏல, அந்தப் பத்தாவது பரீட்சைக்கு உள்ள போனா எப்படில இருக்கும்? பயமா இருக்குமோ?"

ஆகையால் நூறு சதவீதம் என்று எங்கே பார்த்தாலும், எத்தனை பேரில் நூறு என்று என் மனம் கேட்க ஆரம்பித்துவிடுகிறது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அதனால் சல்லடை ஒன்பதாம் வகுப்பில் விழுகிறது. வாசலிலேயே சலித்துவிட்டால் அந்தச் சிரமமும் இல்லை. நல்ல நெல்லாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கிவிட்டு, பார் எங்கள் குத்தகை நிலம் எப்படி விளைகிறது என்று சொல்கிற மாதிரிதான் இது.

அளவுகோல் என்கிறபோது எனக்கு யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை நினைவுக்கு வருகிறது. ஒரு நாவலுக்காகப் பழைய புத்தகங்களைத் துழாவிக்கொண்டிருந்த நாளில் படித்த விஷயம். அமெரிக்க மிஷன் 1823-இல் அங்கே ஒரு செமினரியைத் தொடங்கிற்று. தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானசாஸ்திரமும் ஒரே கூரையின் கீழ். இலங்கையில் பெரிய உத்தியோகம் பார்த்த எமர்சன் டென்னன்ட் 1850-இல் வெளியான தம் புத்தகத்தில் அதை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தார். ஐந்தே வருஷத்தில், 1855-இல், அந்தச் செமினரியை மூடினார்கள். மூடியவர்கள் விரோதிகள் அல்ல, அதை நடத்திய மிஷன்காரர்களேதான். அமெரிக்காவிலிருந்து ரூபஸ் ஆண்டர்சன் முதலானோர் வந்து கணக்குப் பார்த்தார்கள். ஆங்கிலம் படித்த பையன்கள் உத்தியோகத்துக்குப் போகிறார்கள், வேத ஊழியத்துக்கு வருகிறவர்கள் போதாது என்று தோன்றிற்று. அவர்களுடைய படியால் அளந்தபோது குறைந்தது, மூடிவிட்டார்கள்.

சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது 1857-இல். அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர்: சி. வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்! இவர்களில் தாமோதரம்பிள்ளைதான் பின்னால் ஏடு ஏடாகத் தேடி, தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சில் ஏற்றித் தமிழுக்கு மீட்டுக் கொடுத்தவர். 1872-இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது என்பது வேறு கதை. மூடும்போது மேஜைமேல் இருந்த கணக்குப் புத்தகத்தில் தாமோதரம்பிள்ளை எந்தப் பத்தியில் வந்திருப்பார் என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு. நஷ்டப் பத்தியில்தான் வந்திருப்பார்.

அவர்களாவது மதம் என்று ஒன்றை வைத்து அளந்தார்கள். அது என்ன என்பதை மறைக்கவுமில்லை. இப்போதைய அளவு என்னவென்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. பாடப் புத்தகமா என்றால், 2011-இல் உச்ச நீதிமன்றம் சமச்சீர் கல்வியை நிறைவேற்றச் சொன்ன பிறகு, மெட்ரிகுலேஷன் பள்ளியிலும் அரசாங்கப் பள்ளியிலும் பத்தாம் வகுப்பு வரை பாடத்திட்டம் ஒன்றுதான். மாநில ராங்கா என்றால், அதை அறிவிக்கும் வழக்கத்தையே 2017-இல் அரசாங்கம் நிறுத்திவிட்டது. ஏழைக்கு இடம் கொடுப்பதா? தனியார் பள்ளிகள் நூற்றுக்கு 25 இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்கிற கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையோர் பள்ளிகளுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொல்லிவிட்டது. சட்டப்படி அவர்கள் செய்தது சரி. ஏழைகளுக்காகவே கடல் தாண்டி வந்தவர்களின் பெயரால் நடக்கிற பள்ளி, அந்த 25-ஐச் சட்டம் சொல்லாமலே கொடுக்கிறதா என்று பார்க்கலாம். சில பள்ளிகள் அதற்கு மேலும் கொடுப்பதை நான் அறிவேன். மற்றவை பிரசுரம் அச்சடிக்கின்றன.

மறுநாள் இன்னொரு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அரசாங்க உதவி பெறுகிற பழைய மிஷன் பள்ளி. ஓட்டுக் கட்டடம், வேப்பமரம், மரத்தடியில் இரண்டு சைக்கிள். ஹெட்மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, "என்ன பாக்கணும் சார்?" என்றார்.

"ஒன்பதாம் வகுப்பு ரிஜிஸ்தர்" என்றேன்.

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தார். ஒன்பதில் இருந்தவர்கள் 64 பேர். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியவர்கள் 63. "அந்த ஒருத்தன்?" என்று கேட்டேன். "அப்பாவுக்குத் திருப்பூர்ல வேலை கிடைச்சுக் குடும்பத்தோட போயிட்டாங்க. போன் பண்ணி அங்க சேத்தாச்சான்னு கேட்டேன், சேத்தாச்சு" என்றார். தேறியவர்கள் 55 பேர். மாப்பிள்ளை மனத்துக்குள் வகுத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

எல்லாம் அங்கே சரியாக இருந்தது என்று சொல்லமாட்டேன். விஞ்ஞானக் கூடத்தில் சிலந்திதான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது. ஓர் உபாத்தியாயர் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. "இங்கிலீஷ் சரளமாப் பேச இங்க வராது சார், அதை இப்பவே சொல்லிடுறேன்" என்று அவரே சொன்னார். நான் வெளியே வருகிற வழியில் ஆறாம் வகுப்பு ஜன்னலோரம் ஒரு பையனின் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரு கணக்கு தப்பு. வெறுமனே பெருக்கல் குறி போட்டு விடாமல், எந்த வரியில் பிசகினான் என்று அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, 'இங்கே கடன் வாங்க மறந்துவிட்டாய்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அடுத்த பக்கத்தில் அதே மாதிரிக் கணக்கு வேறு எண்களோடு. அது சரி. அறுபது நோட்டை அப்படித் திருத்துவதற்கு எத்தனை இரவு பிடிக்கும் என்று எண்ணிக்கொண்டே நின்றேன்.

பையனை அங்கேதான் சேர்த்தோம். சேர்த்தது நான் என்று சொல்வதே பொருத்தம். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைக் கோபமாக மூடினார்.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. போன அரைப் பரீட்சையில் அவனுக்கு இங்கிலீஷில் 34, தமிழில் 41. தங்கை போன் செய்தாள்.

"எதுத்த வீட்டு மக அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சு என்னமா இங்கிலீஷ் பேசுதா தெரியுமா? என் பிள்ளை இன்னும் எழுத்துக் கூட்டிக்கிட்டுக் கெடக்கான். உன் பிள்ளையா இருந்தா இப்படிச் செய்வியாண்ணே?"

என்னிடம் பதில் இல்லை. வாழைக்காய் மண்டிக் கதையைச் சொல்லலாமா என்று நினைத்தேன்; சொன்னால், "உன் சிநேகிதன் லாரி வச்சு நல்லாத்தானே இருக்கான்" என்பாள். அதுவும் உண்மைதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ப் பையனின் நோட்டுகளை எடுத்துத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். சிவப்பு மை இருந்தது. அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு பக்கத்தை விரல் வைத்து மெள்ள மெள்ள வாசித்துக் காட்டினான். ஆறு நிமிஷம் ஆயிற்று. ஓரிடத்திலும் வேர்க்கவில்லை.

"போதுமா மாமா, இன்னொரு பக்கம் வாசிக்கட்டா?" என்றான்.

ஒன்பதாம் வகுப்புக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. வாசி என்றேன்.