ஒரு பிக்சல் புள்ளி

நாங்கள் செய்துகொண்டிருப்பது ஒரு சின்ன விளையாட்டு. மேலிருந்து எழுத்துகள் விழும். பிள்ளைகள் கூடையால பிடிச்சுச் சொல் கட்டவேணும். ஒவ்வொரு எழுத்தும் 16×16 பிக்சல் சதுரத்துக்குள் நாங்கள் வரைந்த படம். வரைந்தபோது பளிச்சென்று இருந்தவை, போனில் பெருசாகத் தெரியும்போது மங்கிப் போயின.

கொஞ்சம் மங்கினா என்ன எண்டு கேட்கலாம். 'பல்'லுக்கும் 'பல'வுக்கும் இடையில் இருப்பது ஒரு புள்ளி. எங்கட படத்தில் அது ஒரேயொரு பிக்சல். அது எழுத்தின் தலையோடு கரைந்தால், இப்பதான் எழுத்துக்கூட்டப் பழகும் பிள்ளைக்குச் சொல்லே மாறிவிடும்.

பிரவுசரின் கன்வஸ், படத்தைப் பெருப்பிக்கும்போது அயல் பிக்சல்களின் நிறங்களைக் கலந்து இடைவெளியை நிரப்புகிறது. புகைப்படத்துக்கு இது நல்லம். முகம் படிக்கட்டு மாதிரித் தெரியாது. பிக்சல் ஓவியத்துக்கோ அந்தப் படிக்கட்டுத்தான் உயிர். ஆகவே இமேஜ் ஸ்மூதிங் எனேபிள்ட் என்ற பண்பை ஃபோல்ஸ் ஆக்கினோம். இனிக் கலப்பு இல்லை, கிட்ட இருக்கிற பிக்சலின் நிறம் அப்படியே வரும். ஆனால் கன்வஸின் அகலத்தையோ உயரத்தையோ மாற்றினால் இந்த அமைப்பு திரும்ப ட்ரூ ஆகிவிடும். போனைச் சரித்துப் பிடிக்கும்போது அளவு மாறும் என்பதால், ஒவ்வொரு முறையும் அந்த வரி மறுபடி ஓடவேணும்.

அது மட்டும் காணாது. திரையின் அகலம் 360 என்று பிரவுசர் சொன்னாலும், டிவைஸ் பிக்சல் ரேஷியோ 2 என்றால் உண்மையில் அங்கே 720 பிக்சல். 360 அகலக் கன்வஸை பிரவுசரே இழுத்து நிரப்பும்போது மீண்டும் மங்கும். கன்வஸை 720க்கு அமைத்து, காட்டும் அகலத்தை மட்டும் சிஎஸ்எஸ்ஸில் 360 ஆக வைத்தோம்.

பெருப்பிப்பதும் முழு மடங்காகத்தான்: 16 என்றால் 48, 64. இரண்டரை மடங்கு எண்டா ஒரு பிக்சல் 2 அகலம், பக்கத்தில இருக்கிறது 3, எழுத்து கோணலாகும். விழும் எழுத்தின் இடத்தையும் வரைவதற்கு முன் முழு எண்ணாக்கினோம்.

எல்லாம் சேர்த்துப் பத்து வரிகூட இல்லை. பிரவுசரின் வழமையான அமைப்பு புகைப்படங்களை மனதில் வைத்து எடுக்கப்பட்ட முடிவு. ஒரு பிக்சல் புள்ளியை அதற்குத் தெரியாது. நீங்களும் தமிழில கேம் செய்யிறீங்கள் எண்டா, முதல்ல ஒரு 'ல்'லைப் போனில் போட்டு, எழுத்துப் பழகும் பிள்ளை ஒண்டிட்ட வாசிக்கக் குடுத்துப் பாருங்கோ.