தம்பி, நான் அம்மா எலுதுரேன்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பேரவைத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். எதைப் பற்றி எழுதட்டும் என்று நான் திருப்பிக் கேட்டதற்கு, "உங்க காலத்து நோக்கியா போனப் பத்தி எழுதுங்கண்ணா, படிக்கச் சிரிப்பா இருக்கும்," என்றார். 'உங்க காலம்' என்றது கொஞ்சம் சுருக்கென்றது. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். அந்தக் காலத்தைப் பற்றிப் பேச எங்களுக்குக் கசக்குமா என்ன? பழைய உறுப்பினர்கள் நாலு பேர் மாமாக் கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்தால், அரை மணி நேரத்தில் பேச்சு 3310இல் வந்து நின்றுவிடும்.

நான் அதை வாங்கியது 2002இல், இரண்டாம் ஆண்டில். பி.டி.பி.டி.என். கடன் பணம் கைக்கு வந்த வாரம், பழைய கைத்தொலைபேசி விற்கும் கடையொன்றில் பேரம் பேசி வாங்கினேன். விடுதிப் படிக்கட்டில் அது விழாத நாள் குறைவு. உறை ஒரு பக்கம், மின்கலம் ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம் என்று சிதறும். பொறுக்கியெடுத்துப் பொருத்திப் பொத்தானை அழுத்தினால், இரண்டு கைகள் பற்றிக்கொள்ளும் படத்தோடு ஒன்றுமே நடக்காதது போல எழுந்து உட்காரும். ஒருமுறை மின்னூட்டினால் மூன்று நாளைக்குக் கவலையில்லை. விரிவுரை சலித்தால் பாம்பு விளையாட்டு. அழைப்பொலியை நாமே எண்களைத் தட்டி அமைத்துக்கொள்ளலாம் என்பதால், சினிமாப் பாடல்களுக்கான எண் வரிசையை எழுதிய தாள் ஒன்று விடுதியில் அறை அறையாகச் சுற்றியது. தேர்வுக் குறிப்புகள்கூட அவ்வளவு வேகமாகச் சுற்றியதில்லை.

அதில் காசு தீர்ந்துபோவதுதான் ஒரே தொல்லை. அதற்கும் வழி வைத்திருந்தோம். அடுத்த ஆண்டோ என்னவோ, அப்பாவும் டார்ச் விளக்கு வைத்த நோக்கியா 1100 ஒன்றை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் சுங்கை சிப்புட்டிலிருந்து பேருந்தேறிக் கோலாலம்பூர் திரும்பியதும் ஒரு மணி அடித்து நிறுத்தினால், பத்திரமாக வந்து சேர்ந்தேன் என்று பொருள். இரண்டு அடித்தால், நீங்களே கூப்பிடுங்கள். மூன்று அடித்தால் பணம் வேண்டும். ஆனால் மூன்றாவது மணிக்கு முன்பே அப்பா அவசரப்பட்டு எடுத்துவிடுவார். என் காசும் போகும், கேட்ட பணமும் வராது.

இதுவரை எழுதிவிட்டு, கட்டுரையோடு போட அந்த 3310ஐப் படமெடுத்து அனுப்பலாமே என்று அலமாரியில் இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தேன். போன் இருந்தது. அதற்கடியில் அம்மாவின் கடிதங்கள் இருந்தன. மொத்தம் பதினொன்று. முதல் கடிதம் நான் விடுதிக்கு வந்த மாதம் எழுதியது. கடைசிக் கடிதம், நான் கைத்தொலைபேசி வாங்குவதற்கு முந்திய மாதம் எழுதியது.

இத்தனை ஆண்டுகளில் அந்தத் தேதியை நான் கவனித்ததே இல்லை.

அம்மா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். பிறகு பால்மரம் வெட்டப் போய்விட்டார். நான் படிக்க வந்த முதல் ஆண்டில் மாதம் ஒரு கடிதம் எழுதுவார். தங்கச்சியின் நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள், முப்பது காசுத் தபால்தலை. ல, ள, ழ மூன்றும் அவருக்கு ஒன்றுதான். ஒவ்வொரு கடிதமும் 'தம்பி, நான் அம்மா எலுதுரேன்' என்றுதான் தொடங்கும். வேறு யார் எழுதப் போகிறார்கள்?

நேரில் கேட்டாலும் தொலைபேசியில் கேட்டாலும் அம்மா எதையும் சொல்ல மாட்டார். "நல்லா இருக்கேன், நீ சாப்டியா?" அவ்வளவுதான். சொல்வதெல்லாம் கடிதத்தில்தான். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சு நின்றுபோனதை எழுதியிருந்தார். முட்டி வலி தாங்காமல் வேலைக்காட்டில் மரத்தடியில் உட்கார்ந்து அழுததை எழுதியிருந்தார். அடுத்த வரியிலேயே, இதை அப்பாவிடம் கேட்காதே என்றும் எழுதியிருந்தார். என் அம்மா எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தப் பதினொரு கடிதங்களில் வந்தது.

போன் வாங்கிய கையோடு வீட்டுக்குப் போனபோது, "இனிமே எதுக்கும்மா கடிதாசி? கூப்பிட்டுப் பேசிக்கலாம்," என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன். அம்மாவும் தலையாட்டினார்.

அந்தப் போனில் தமிழ் எழுத்து கிடையாது. நாங்கள் எல்லாரும் ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்டினோம். அம்மாவுக்கு அதைப் படிக்க வராது. நான் அனுப்பும் குறுந்தகவலை அப்பாவின் போனில் பார்த்துத் தங்கச்சிதான் வாசித்துக் காட்டுவாள். வாசிக்கும்போதே தனக்குப் பிடிக்காததைத் தணிக்கையும் செய்துவிடுவாள். அம்மாவிடம் மட்டும் சொல்ல வேண்டிய ஒன்றை அதில் எழுத முடியாது. அம்மா பதில் எழுதவே முடியாது.

இதில் எங்களுக்கு இன்னொரு வெட்கமும் உண்டு. மேடையேறினால் தமிழ் தமிழ் என்று முழங்கிய பேரவைச் செயற்குழுவின் கூட்ட அறிவிப்பும் ஆங்கில எழுத்தில்தான் போகும். 'ழ'வுக்கு இசட்டும் எச்சும் சேர்த்துப் போடுவதா, வெறும் எல் போதுமா என்று ஒரு கூட்டத்தில் வாதமே நடந்தது. யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

ஒரு குறுந்தகவலுக்கு 160 எழுத்து என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று வெகுநாள் கழித்துத்தான் படித்தேன். 1985இல் பிரிட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்ற ஜெர்மானியப் பொறியாளர், தட்டச்சுப் பொறியில் மனம்போன போக்கில் வாக்கியங்களைத் தட்டி எண்ணிப் பார்த்து, 160 போதும் என்று முடிவுக்கு வந்தாராம். அவர் எண்ணியவற்றில் தமிழ் வாக்கியம் இருந்திருக்க வழியில்லை. யூனிகோடில் தமிழ் எழுதத் தொடங்கினால் அந்த 160, 70 ஆகச் சுருங்கிவிடும். காலும் கொம்பும் புள்ளியும்கூடத் தனித்தனி எழுத்தாகக் கணக்காகும். 'வாழ்க்கை' நமக்கு நாலெழுத்து; குறுந்தகவலுக்கு எட்டு. அம்மாவின் கடிதம் ஒன்றை அப்படி அனுப்பியிருந்தால் என் மாதச் சாப்பாட்டுக் காசு போயிருக்கும்.

கைத்தொலைபேசியில் தமிழ் வந்துவிட்டது என்று 2005இல் சிங்கப்பூரிலிருந்த நண்பர் சொன்னார். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் அந்த ஆண்டுதான் அங்கே அறிமுகமானது. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் என் 3310இலோ அப்பாவின் 1100இலோ அதை ஏற்ற வழியில்லை. நல்ல செய்தி என்று சொல்லிவிட்டு, ஆங்கில எழுத்திலேயே அவருக்கு வாழ்த்து அனுப்பினேன்.

2009இல் அப்பா இறந்துபோனார். 1100 அம்மா கைக்கு வந்தது. பொத்தானை அழுத்தினால் பேசலாம் என்பதற்கு மேல் அவர் அதில் எதையும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடுவேன். நல்லா இருக்கேன், நீ சாப்டியா.

2015இல் தங்கச்சி அம்மாவுக்கு ஒரு திறன்பேசி வாங்கிக் கொடுத்து, செல்லினத்தை ஏற்றி, தமிழ்99 விசைப்பலகையைக் காட்டிக் கொடுத்தாள். ஆங்கில எழுத்தே தெரிய வேண்டாம். அ, ம, ம, ஆ என்று தட்டினால் நடுவிலுள்ள புள்ளியைத் தானே வைத்துக்கொண்டு 'அம்மா' என்று காட்டும். எனக்கு இதெல்லாம் தெரியாது. ஒருநாள் அலுவலகத்தில் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து வாட்சாப்பில் ஒரு செய்தி வந்தது.

'தம்பி நான் அம்மா எலுதுரேன்'

கையெழுத்து இல்லை. ஆனால் அந்த 'எலுதுரேன்' போதுமாக இருந்தது. பதிமூன்று ஆண்டுகள் கழித்து அம்மா எனக்கு எழுதியிருந்தார். கூட்டம் நடந்துகொண்டிருந்த அறையிலிருந்து வெளியே போய் நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததும் உங்களுக்குத் தெரிந்ததுதான். எல்லார் வீட்டு அம்மாவையும் போல என் அம்மாவும் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப் பூ, வெந்தயத்தின் மருத்துவக் குணம், உடனே பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லும் சாமிப் படம் எல்லாவற்றையும் அனுப்பத் தொடங்கினார். அலுவலகக் குழு, குடியிருப்புக் குழு, பழைய மாணவர் குழு, அதற்குள் தனியாகப் பிரிந்துபோன இன்னொரு பழைய மாணவர் குழு எல்லாம் ஒருபுறம் கத்திக்கொண்டே இருந்தன. புலனம் என்று தமிழாசிரியர்கள் அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கென்னவோ அதைத் திறந்தால் புலன் ஐந்தும் கலங்கத்தான் செய்தது. அம்மா நடுவில் ஒரு வரி சொந்தமாக எழுதியிருந்தாலும் ரோஜாப் பூக்களோடு சேர்த்து அதையும் தள்ளிக்கொண்டே போனேன். கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டால் முடிந்தது வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விசைப்பலகையே சொற்களை எடுத்துக் கொடுப்பதால், நாளடைவில் அம்மாவின் பிழைகள் குறைந்தன. ஒருநாள் 'எழுதுறேன்' என்று சரியாகவே வந்தது. தமிழ்ப் பேரவைக்காரன் மகிழ்ந்திருக்க வேண்டும், நான் மகிழவில்லை.

2017இல் நோக்கியா 3310 புதிய வடிவில் மறுபடி வந்தது. நம் கூட்டத்தில் ஒரே கொண்டாட்டம். பாவம், சிங்கப்பூர் நண்பருக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை. முதலில் வந்தது 2ஜியில் மட்டும் இயங்குவது. சிங்கப்பூரிலோ அந்த ஏப்ரல் மாதமே 2ஜி சேவையை நிறுத்திவிட்டார்கள். நான் வாங்கினேன். திறன்பேசியை இழுப்பறையில் போட்டேன். வாட்சாப் வராது என்று அலுவலகத்தில் சொன்னேன், எல்லாக் குழுக்களிலும் அறிவித்தேன். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. அம்மாவிடம்தான் வாரந்தோறும் பேசுகிறேனே என்று நினைத்துக்கொண்டேன்.

பொய் சொல்லக்கூடாது, அந்த மூன்று வாரமும் நிம்மதியாக இருந்தது. பாதியில் விட்டிருந்த புத்தகம் ஒன்றை முடித்தேன். இரயிலில் எதிரே இருப்பவர்களின் முகத்தைப் பார்த்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமையும் அம்மாவைக் கூப்பிட்டேன். மூன்று முறையும் "நல்லா இருக்கேன், நீ சாப்டியா?" என்றார்.

வங்கி வேலை ஒன்றுக்காகத்தான் திறன்பேசியை எடுத்து முடுக்கினேன். குழுச் செய்திகள் நூற்றுக்கணக்கில் கொட்டி முடிந்த பிறகு, அம்மாவிடமிருந்து பதினேழு செய்திகள் இருந்தன. ரோஜாப் பூ ஒன்றுகூட இல்லை.

கண்ணில் பூ விழுந்திருக்கிறதாம், அறுவைச் சிகிச்சை செய்யணுமாம் என்று முதல் செய்தி. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருக்கிறார்கள், நீ வர முடியுமா என்று இரண்டாவது. தங்கச்சிக்கு மாதம் ஏறிவிட்டது, அவளிடம் சொல்லாதே. எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. அப்பா இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன். நாளைக்கு. பக்கத்து வீட்டு அக்கா கூட வருகிறேன் என்றார், நீ அலைய வேண்டாம். முடிந்தது தம்பி, கட்டுப் போட்டிருக்கிறார்கள். இப்படியே போனது. கட்டுப் பிரித்த பிறகு ஒற்றைக் கண்ணால் பார்த்துத் தட்டிய செய்திகளில் பழைய பிழைகள் எல்லாம் திரும்ப வந்திருந்தன. கடைசிச் செய்தி இரண்டு நாளைக்கு முந்தியது.

'தம்பி அம்மா மேல கோவமா'

ஒரே ஒரு டிக் இருந்தால் நம்மை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம் என யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒன்றும் கேட்காததால், படித்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். வாயால் கேட்க அவருக்கு வரவில்லை. எனக்கு அவர் குரலிலிருந்து எதுவும் தெரியவில்லை.

அன்றிரவே காரெடுத்துச் சுங்கை சிப்புட் போனேன். அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கதவைத் திறந்து, சாப்டியா என்றார்.

அந்தப் புதிய 3310 தங்கச்சி மகளுக்கு விளையாட்டுப் பொருளாகிவிட்டது. அதற்குப் பிறகு திறன்பேசியோடு நான் சமாதானம் ஆகிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அம்மாவின் முகத்தை அதில்தான் பார்த்தேன். அதே திறன்பேசியைச் சாப்பாட்டு மேசையில் என் பிள்ளைகளின் கையிலிருந்து பிடுங்கவும் செய்கிறேன். மாமாக் கடையில் 3310 பேச்சு எழும்போது இன்றும் உற்சாகமாகக் கலந்துகொள்கிறேன். அந்த டின்னைத் திறந்த பிறகு மட்டும், கொஞ்சம் குரல் இறங்கிவிடுகிறது.

இப்போது அம்மாவுக்குக் கண் சீக்கிரம் களைத்துவிடுகிறது. எழுதுவதில்லை, ஒலிவாங்கிப் படத்தை அழுத்திப் பிடித்துப் பேசி அனுப்புகிறார். பதினோரு வினாடி, பதினைந்து வினாடி. எல்லாவற்றிலும் நல்லா இருக்கேன், நீ சாப்டியாதான். "எழுதுங்கம்மா," என்றால், "பேசுனா பத்தாதா?" என்கிறார்.

நேற்றிரவு இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டே, அவருக்குத் தமிழில் நீளமாக ஒன்று எழுதி அனுப்பினேன். பழைய கடிதங்களைப் பார்த்ததைச் சொன்னேன். முட்டி வலியைப் பற்றி அப்பாவிடம் நான் கேட்கவே இல்லை என்பதையும் சொன்னேன். இரண்டு டிக்கும் நீலமாகின. ஒலிப்பதிவு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மேலே, அவர் தட்டிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. அப்படியே வெகுநேரம் காட்டிக்கொண்டிருந்தது.