சோற்றுக்கு மேலே பிளேன்டி



போன கிழமை காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தது. (எந்தப் பிள்ளை என்று கேட்க வேண்டாம். உம்மாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம்.) இரத்தம் சோதித்தால் குருதிச்சோகை. "கீரை, பருப்பு எல்லாம் ஒழுங்காத்தானே சேர் குடுக்கிறன்" என்று அந்த உம்மா அழுதார். உண்மையாகவே கொடுக்கிறார். பேசிக்கொண்டு போகும்போதுதான் தெரிந்தது, அந்த வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவ முன் பிளேன்டி தயாராக இருக்கும். எங்கள் ஊரில் எந்த வீட்டில்தான் இல்லை?

வயிற்றுக்குள் போனால் உடம்பில் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். இரைப்பை பெரும்பாலும் அரைத்துக் கரைக்கிற இடம்தான். சத்துகளின் அகத்துறிஞ்சல் நடப்பது சிறுகுடலில். ஏறத்தாழ 6 மீற்றர் குழாய் அது. பித்தமும் சதையிச் சாறும் அதன் தொடக்கத்தில் வந்து கலக்கின்றன. உட்சுவர் முழுக்கச் சடைமுளைகள், வெல்வெட் துணி மாதிரி. விரித்தால் டெனிஸ் மைதானம் அளவு வரும் என்று வருடக்கணக்காகப் படிப்பித்தோம். 2014இல் சுவீடன் ஆய்வாளர்கள் கணக்கிட்டுப் பார்த்து, ஏறத்தாழ 30 சதுர மீற்றர்தான், பட்மின்டன் மைதானத்தில் பாதிகூட இல்லை என்றார்கள். எங்களிடம் படித்தவர்கள் மன்னிக்கவும்.

இரும்புச்சத்தை அதிகமாக எடுப்பது அந்தக் குழாயின் முதல் துண்டு, முன்சிறுகுடல். ஒரு அடி நீளமும் வராது. அந்த இடத்துக்குக் கீரையும் தேயிலைச் சாயமும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தால், சாயத்தில் உள்ள பொருள்கள் கீரையின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். அதில் பெரும்பகுதி உடம்பில் சேராமல் மலத்தோடு வெளியே போய்விடும். இறைச்சி, மீனில் உள்ள இரும்புக்கு இந்தப் பாதிப்புக் குறைவு. ஆனால் மாதக் கடைசியில் எத்தனை வீட்டில் இறைச்சி ஆக்குகிறோம்? கீரை, பருப்பை நம்பியிருக்கும் வீட்டுக்குத்தான் இந்த நட்டம் கூட.

ஆகவே தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, சொன்னாலும் யார் கேட்கப் போகிறார்கள். சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடியுங்கள். கீரைச் சுண்டலுக்குத் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள். அந்தப் புளியில் உள்ள விற்றமின் சி இரும்பு சேர உதவும். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புக் குளிசையைப் பிளேன்டியோடு விழுங்கும் தாய்மாரும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள், தண்ணீரோடு குடிக்கட்டும்.

அந்தப் பிள்ளை இப்போது குளிசை குடிக்கிறது. மூன்று மாதத்தில் திரும்பவும் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள், துஆச் செய்யுங்கள்.

எங்கள் ஆசிரியர் அறையிலும் இன்று இடைவேளைத் தேத்தண்ணியைப் பிந்திப் போட்டோம். இரண்டு பேர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.