பலாலிக்கு எவ்வளவு தூரம்?

சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? கடல் கடந்த தேசமாயிற்றே, மதுரையைவிட வெகு தூரம் என்றுதானே? நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். தேசப்படத்தை விரித்து அளந்து பார்த்த பிறகுதான் என் பூகோள ஞானத்தின் லட்சணம் தெரிந்தது! மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையம் ஆகாய மார்க்கமாகச் சுமார் 415 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலியோ சுமார் 355 கிலோமீட்டர்தான். பழைய கணக்கில் 220 மைல். ஏறக்குறைய நேர் தெற்கு.

நான் ஏறியது இரண்டு விசிறிகள் சுழலும் சிறிய ஏ.டி.ஆர். விமானம். மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகம். அப்படியானால் முக்கால் மணிக்குள் போய்விடலாமே! ஆனால் பிரயாண நேரம் என்னவோ சுமார் ஒன்றேகால் மணி. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும். உயரே ஏற வேண்டும். வேகத்தைக் குறைத்து இறங்க வேண்டும். சுங்கம், பாஸ்போர்ட் சோதனைகளுக்காக மூன்று மணி முன்னதாகவே வந்து காத்திருந்தது தனி. குழம்பு கொதிக்கக் கால் மணி. காய் வாங்கி நறுக்க ஒரு மணி என்பது சகோதரிகளுக்குத் தெரியாததா?

பக்கத்து ஆசனத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க யாழ்ப்பாணத்து அம்மாள். மடியில் ஓர் அப்பளக் கட்டு. என் கணக்கைச் சொன்னதும் புன்னகை செய்தார்.

"மைல் கணக்கெல்லாம் சரி, தம்பி. எனக்கு ஒருக்கால் இந்தத் தூரம் இரண்டு நாள்" என்றார்.

2016-ல் அவருடைய அக்கா சென்னையில் காலமானாராம். அப்போது பலாலியிலிருந்து இந்தியாவுக்கு விமானம் கிடையாது. இரவு பஸ்ஸில் கொழும்புக்கு. அங்கிருந்து சென்னைக்கு சுமார் 640 கிலோமீட்டர் ஆகாயப் பிரயாணம்.

"இரவு முழுக்கத் தெற்கை போய், பிறகு பிளேனிலை வடக்கை வந்தனான். எங்கட வீட்டுக்குப் பக்கத்தாலைதான் அது பறந்திருக்கும். நான் வந்து சேர, அக்காவை எடுத்துப்போட்டினம்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஜன்னல் வழியே கடலைப் பார்த்தேன்.

இந்த வழி புதிதுமல்ல. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமைந்தது பலாலி விமானத்தளம். 1947 டிசம்பர் 10-ந் தேதி ஏர் சிலோனின் முதல் விமானம், 'சீதா தேவி' என்ற டகோட்டா, இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குப் பறந்தது. பின்னர் அந்தச் சேவை நின்றது. உள்நாட்டுப் போர் வந்தது. 2019 அக்டோபர் 17-ல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, அடுத்த மாதம் சென்னை விமானம் வரத் தொடங்கியது. 2020-ல் கொரோனா அதையும் நிறுத்தியது. 2022 டிசம்பரில் மறுபடியும் வழி திறந்தது.

"இந்த முறை எதற்காகச் சென்னைக்கு வந்தீர்கள், அம்மா?" என்று கேட்டேன்.

"அக்காவின்ரை பேத்திக்குக் கலியாணம். முதல் நாளே போய் நிண்டிட்டன்!"

கீழே செம்மண்ணும் பனைமரங்களும் தெரிந்தன. சக்கரங்கள் தரையைத் தொட்டன. அம்மாள் அப்பளக் கட்டைத் தடவிப் பார்த்தார்.

"ஒண்டும் நொறுங்கேல்லை, தம்பி" என்றார், திருப்தியுடன்.