சாஃப்ட் டிலீட் ஆன ஊர்

இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில், டார்செட் பகுதியில் டைன்ஹம் என்று ஒரு கிராமம். நான் போனதில்லை. ஆனாலும் தேவாலயம் எங்கே, பள்ளிக்கூடம் எங்கே, பாதிரியார் வீடு எங்கே என்று கேட்டால் சொல்லிவிடுவேன். எல்லாம் ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் போட்டிருக்கும் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடங்களின் தயவு.

அதில் ஒரு மைலை 25 அங்குலமாக வரைந்த தாள்கள் உண்டு. வீடுகள் தனித்தனியாகத் தெரியும். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு எண், அதன் கீழே எத்தனை ஏக்கர் என்ற கணக்கு. பழைய தாளை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்து, அதன் அடர்த்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். டைன்ஹமில் அப்படிச் செய்தால் வீடுகள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. கூரைதான் இல்லை.

1943 நவம்பரில் ஊருக்கு நோட்டீஸ் வந்தது. டாங்கிப் படைகள் சுட்டுப் பழக இடம் போதவில்லை. ஒரு மாத அவகாசம், அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்கு முன்பே சுமார் 225 பேர் கிளம்பிவிட்டார்கள். போகும்போது தேவாலயக் கதவில் ஒரு சீட்டைக் குத்திவிட்டுப் போனார்கள்: தலைமுறைகளாக வாழ்ந்த வீடுகளை விட்டுத்தருகிறோம், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருநாள் திரும்பி வருவோம்.

எங்கள் தொழிலில் சாஃப்ட் டிலீட் என்று ஒன்று உண்டு. தரவை நிஜமாக அழிக்காமல், அழிந்ததாக ஒரு குறி மட்டும் போட்டு வைப்போம். குறியை எடுத்தால் பழையபடி வந்துவிடும். அந்த மக்களும் தங்கள் ஊரைப் பற்றி அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். 1948இல் அரசு நிலத்தைக் கட்டாயமாக வாங்கிக்கொண்டது. யாரும் குடித்தனத்துக்குத் திரும்பவில்லை.

என்னை உறுத்துவது இன்னொன்று. ஆர்ட்னன்ஸ் என்றால் பீரங்கித் தளவாடம். 1791இல் இந்த அளவைப் பணி தொடங்கியதே ராணுவத்துக்காக. பிரெஞ்சுப் படை தெற்குக் கரையில் இறங்கிவிடுமோ என்ற பயம். 1801இல் வெளியான முதல் வரைபடமும் பிரான்ஸைப் பார்த்து நிற்கும் கென்ட் பகுதிக்குத்தான். பீரங்கிக்காகப் பிறந்த துறை, ஒரு குக்கிராமத்தின் வயல்களை ஏக்கர் பிசகாமல் அளந்து வைத்தது. பீரங்கிக்காகவே அந்தக் கிராமம் காலியானது. துல்லியமாக அளந்ததால் ஊர் காப்பாற்றப்படவில்லை. என்ன போயிற்று என்பது மட்டும் துல்லியமாகத் தெரிகிறது.

இன்றைய வரைபடத்தில் அந்தப் பகுதியில் சிவப்பில் ‘அபாயப் பகுதி’ என்று இருக்கிறது. பெரும்பாலான வார இறுதிகளில் சுடுவதை நிறுத்திவிட்டு மக்களை உள்ளே விடுகிறார்கள். டைன்ஹம் என்ற பெயரையும் எடுக்கவில்லை. ஆளில்லாத ஊருக்குப் பெயர் எதற்கு என்று முதலில் தோன்றியது. இப்போது, அந்தச் சீட்டுக்கு வரைபடம் தரக்கூடிய ஒரே பதில் அதுதான் என்று தோன்றுகிறது.